பொருள்: ஆயில் சீல் – ‘அடைப்பான்’ வேண்டாம், ‘கசிவுக்காப்பு’ சரியா?

> ஆயில் சீல் = எண்ணெய் அடைப்பான். லாரிக் கையேட்டின் ஸ்டியரிங் பகுதி முழுக்க இதையே போட்டுவிடலாமா?

வணக்கம்.

போட வேண்டாம் என்பது என் கருத்து. ஆயில் சீல் என்பது திரும்பும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையம். பவர் ஸ்டியரிங்கில் ‘அடைப்பு’ என்பதே தனியாக ஒரு கோளாறு. எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் வடிகட்டி அழுக்கேறி அடைத்துக்கொண்டால் பம்பு முனகும், ஸ்டியரிங் கனக்கும். கையேட்டில் ஒரு பக்கம் ‘அடைப்பை நீக்கவும்’, அடுத்த பக்கம் ‘அடைப்பானை நீக்கவும்’ என்று வந்தால், ஓசூர் சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அலைபேசியில் படிக்கிற ஓட்டுநர் எதைச் செய்வார்?

இந்தப் பகுதியை மொழிபெயர்ப்பதற்காகவே பெங்களூர் கலாசிப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பழைய லாரி. ஸ்டியரிங் பெட்டிக்கு அடியில், டிராப் ஆர்ம் (சக்கரங்களைத் திருப்பும் கை) நட்டிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கிருஷ்ணகிரிக்காரர். உடனே எதையும் கழற்றவில்லை. பெட்டியை டீசல் விட்டுத் துலக்கி, காற்றடித்துக் காயவைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து பையனை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். மேலே ஹோஸ் இணைப்பில் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து வந்து அதே நட்டில்தானே சொட்டும்? இந்த வண்டியில் எண்ணெய் டிராப் ஆர்மைத் திருப்பும் தண்டான செக்டார் ஷாஃப்டைச் சுற்றித்தான் ஊறி வந்தது.

டிராப் ஆர்முக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஓர் அடையாளம் குத்திவிட்டு, புல்லர் போட்டு இழுத்தார். சுத்தியலால் தட்டினால் அடி உள்ளே பல்லுக்கும் பேரிங்குக்கும் போகும். பழைய சீலை எடுத்ததும் ஷாஃப்டின்மேல் நகத்தை ஓட்டினார். சீலின் உதடு உட்கார்ந்திருந்த இடத்தில் நகம் தடுக்கியது. “புது சீல் போட்டாலும் நிக்காதுண்ணா, ஷாஃப்டுல கோடு விழுந்திருச்சு” என்றார். ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தும் பார்த்தார். ஊசி பேரிங் தேய்ந்து ஆட்டம் இருந்தாலும் புது சீல் சீக்கிரமே ஒழுக ஆரம்பித்துவிடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். சீல் எதையும் அடைப்பதில்லை. அதன் நடுவே ஷாஃப்ட் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் உதடு, அதைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள்கம்பி, இரண்டும் ஷாஃப்டைப் பற்றிக்கொண்டு எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றன. மணிக்கட்டில் காப்புப் போட்ட மாதிரி. ‘கசிவுக்காப்பு’ என்றால் காவலும் வருகிறது, வளையமும் வருகிறது. ஒரே சொல்லில் வேலையும் வடிவமும் அமைவது அபூர்வம். விடக்கூடாது.

> காப்பு அருமை. ஆனால் ‘கசிகாப்பு’ என்று சுருக்கினால் வாயில் நிற்குமே ஐயா? அப்படியே செக்டார் ஷாஃப்டுக்கும் ஒரு முடிவு சொல்லுங்கள். பள்ளிக் கணக்கில் செக்டாருக்கு ‘வட்டக்கோணப்பகுதி’ என்றுதான் இருக்கிறது.

சுருக்கம் நல்லதுதான். ஆனால் ‘கசிகாப்பு’ வினைத்தொகை ஆகிவிடும். சுடுசோறு, ஊறுகாய் போலப் படித்தால் ‘கசிகின்ற காப்பு’ என்றே பொருள் வரும். நாம் மாற்றச் சொல்கிற சீல் அதுதான்! இரண்டு எழுத்துக் கூடினாலும் கசிவுக்காப்பே இருக்கட்டும்.

வட்டக்கோணப்பகுதி கணக்குக்குச் சரி. அதோடு ‘தண்டு’, ‘கசிவுக்காப்பு’ இரண்டையும் ஒட்டினால் வாசிப்பவர் மூச்சு வாங்குவார். அந்தத் தண்டில் பற்கள் முழுவட்டமாக இல்லை, ஒரு வில்லின் அளவுக்குத்தான் இருக்கின்றன. ஆகவே ‘பிறைப்பல் தண்டு’ என்கிறேன். ஸ்டியரிங் பக்கமிருந்து பெட்டிக்குள் வருவதை ‘நுழைதண்டு’ எனலாம். இரண்டு தண்டிலும் சீல் உண்டு. எது ஒழுகுகிறது என்பதைப் பெயரே காட்டவேண்டும், இல்லையென்றால் தவறான சீலை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரு நிபந்தனை. பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் கசிவுக்காப்பு என்று கேட்டால் கிடைக்காது. அங்கே ‘ஆயில் சீல்’தான். அதுவும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் சொல்லவேண்டும், அல்லது பழையதைக் கையில் கொண்டுபோகவேண்டும். அதனால் ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல்முறை வரும் இடத்தில் ‘ஆயில் சீல் எனப்படும் கசிவுக்காப்பு’ என்று எழுதிவிடுவோம்.

பொருத்தும் பத்தியைப் புதிய சொற்களோடு எழுதிப் பார்த்தேன். எங்காவது இடறினால் சொல்லுங்கள்:

“பிறைப்பல் தண்டில் டிராப் ஆர்ம் மாட்டும் வரிப்பற்களின்மேல் மெல்லிய டேப்பைச் சுற்றவும், இல்லையெனில் கசிவுக்காப்பின் உதடு கிழியும். சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கட்டும். உதட்டில் எண்ணெய் தடவி, நேராக அழுத்தி உட்காரவைக்கவும். டேப்பை எடுத்தபின் டிராப் ஆர்மை அடையாளம் பார்த்து மாட்டவும். எண்ணெய் நிரப்பி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமல் ஸ்டியரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றவும். தொட்டியில் நுரை வருவது நின்றபின் எஞ்சினை ஓட்டவும்.”