மறதிநோய் உள்ள அம்மா, காலமான அப்பாவைத் தேடினால் உண்மையைச் சொல்வதா?

ஈசூன் மல்லிகை:
அம்மாவுக்கு 78 வயது, மறதிநோய். சாயங்காலமானால் "அப்பா இன்னும் வேலை விட்டு வரலையா?" என்று கேட்கிறார். அப்பா தவறி 6 வருடமாகிறது. சொன்னால் கதறி அழுகிறார். மறைத்தால் பெற்ற தாயிடமே பொய் சொல்வதாக உறுத்துகிறது. எது சரி?

அங் மோ கியோ பராமரிப்பாளர்:
நமக்குத்தான் அது பழைய செய்தி அக்கா, அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. மறதிநோயில் பரவலான வகையான அல்சைமர் நோய், மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை ஆரம்பத்திலேயே கெடுப்பதால் புதிதாகக் கேட்டது பதியாது. செய்தி மறந்துபோகும், துக்கம் தங்கிவிடும். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே கலங்கியிருப்பார்.

அதற்காக "இதோ வந்துருவாரு" என்றும் சொல்லாதீர்கள். வாசலையே பார்த்திருப்பார், கதவைத் திறந்து வெளியேயும் போய்விடலாம். டிவியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அப்பா நெனப்பு வந்துருச்சாம்மா?" அவ்வளவுதான், ஒரே கேள்வி. பதில் வர நேரமாகும், பொறுங்கள். பிறகு அப்பாவைப் பற்றியே பேச விடுங்கள்: என்ன குழம்பு பிடிக்கும், எங்கே வேலை பார்த்தார். இதில் பொய்யே இல்லை. "மறந்துட்டீங்களா?" மட்டும் வேண்டாம்.

ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து "அவர் செத்துட்டாரா?" என்று தெளிவாகவே கேட்டால், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள். கேட்கிறவரிடம் மறைப்பது அன்பாகாது.

தேக்கா வாசகி:
வீட்டையும் கவனியுங்கள். நம் வீடுகளில் மாலை போட்ட படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கும். நீங்கள் பக்குவமாகப் பேசியதை அந்தப் படம் ஒரு நொடியில் கலைத்துவிடும். மாலையை எடுத்துவிட்டு இளவயதுப் படமாக மாட்டலாம், திதிக்கு மட்டும் மாலை போதும். கண்ணாடியில் தாலி இல்லாத கழுத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்களும் உண்டு. அப்படியானால் கண்ணாடியைத் துணியால் மூடி வையுங்கள்.

இங்கே சிங்கப்பூரில் 7 மணிவாக்கில் இருட்டிவிடும். 6 மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிடுங்கள். நிழல் குறைந்தால் பதற்றமும் குறையும். மதியத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம். பணிப்பெண்ணுக்கும் அதே ஒரு கேள்வியைத் தமிழிலேயே பழக்குங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னால் சந்தேகம்தான் வளரும்.

உட்லண்ட்ஸ்காரர்:
ஆரம்ப நிலையில் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்போது நோயின் பெயரையே மறைப்பதுதான் பெரிய தவறு. புரிந்துகொள்ளும் திறன் இருக்கும்போதுதான் எல்பிஏ, அதாவது பின்னாளில் தமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம், செய்ய முடியும். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக விண்ணப்பித்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது வழக்கறிஞர் முன்னிலையில் சான்று பெற வேண்டும். திறன் போன பிறகு அவர் பணத்தை நிர்வகிக்க நீதிமன்றம் போக நேரும்.

ஈசூன் மல்லிகை:
நன்றி. இரண்டு நாளாகப் பகலிலும் கேட்கிறார், சரியாகச் சாப்பிடவும் இல்லை. நோய் முற்றிவிட்டதா?

அங் மோ கியோ பராமரிப்பாளர்:
இரண்டே நாளில் இப்படி மாறினால் மறதிநோய் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இதில் ஏதாவது இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய், மாற்றம் எந்த நாள் தொடங்கியது என்று முதலில் சொல்லுங்கள்.