கணக்கு வைக்காத அன்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தருமபுரியிலிருந்து:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த இழையில் வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம், வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். உங்கள் வீட்டு வாசலில், கடையில், பஸ்ஸில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் அன்பு காட்டியதாக இருக்கலாம், யாரோ உங்களுக்குக் காட்டியதாக இருக்கலாம், காட்டாமல் விட்டுவிட்டு இன்றைக்கும் உறுத்திக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். நானே தொடங்குகிறேன்.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கோடையில் எங்கள் பக்கம் போர் தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் எரிவதும் கூடும். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று வருடத்துக்கு முன் ஒரு மோட்டாரைக் கட்டி எடுத்துக்கொண்டு போனவர் 4,500 ரூபாய் பாக்கி வைத்தார். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறை, நான் அவருடைய பழைய செம்புக் கம்பியைத் திருடிக்கொண்டேன் என்று டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டார். பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தப் பேச்சுதான் மாதக்கணக்கில் தூங்க விடவில்லை.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை வெளியே தள்ளுகிறேன், அதே ஆள் டாட்டா ஏஸில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். தக்காளி பிஞ்சு விட்டிருக்கிறதாம், தண்ணீர் நின்று இரண்டு நாள் ஆகிறதாம், மற்ற கடையெல்லாம் பூட்டிக் கிடக்கிறதாம். என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் போதகர் 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்துப் பேசியிருந்தார். அன்பு ‘தீங்கு நினையாது’ என்று நாம் வாசிக்கிற இடத்தில் மூல கிரேக்கத்தில் இருப்பது கணக்கெழுதுகிறவர்கள் பயன்படுத்துகிற சொல்லாம், பேரேட்டில் வரவு வைக்கிற மாதிரி தீமையை எழுதி வைத்துக்கொள்ளாது என்று பொருளாம். அவர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது அந்த ஆள் முன்னால் நிற்கும்போது, கல்லாப்பெட்டிக்குக் கீழே இருக்கிற, பாக்கி எழுதுகிற சிவப்பு நோட்டுதான் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் அன்பு ஒன்றும் சுரக்கவில்லை, கோபம்தான் வந்தது. பேசாமல் நின்றேன். என் மனைவிதான், “சட்டையை மாத்திட்டு வாங்க, நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போய்க்கிறேன்” என்றாள்.

தண்ணீருக்குள் இறங்கும் மோட்டாரைக் கட்டுவது லேசான வேலை இல்லை. எரிந்த கம்பியை இழுத்து வெளியே எடுத்து, பள்ளம் பள்ளமாகச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையால் கோர்க்க வேண்டும். அவசரத்தில் உறை ஒரு இடத்தில் உரசிவிட்டால் உள்ளே இறக்கிய மறுநாளே போய்விடும். அவர் எதிரே ஒரு கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பதுக்குத் தொடங்கி ராத்திரி எட்டு மணி ஆயிற்று. நடுவில் என் மனைவி வந்து இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். அதுவரை கம்பியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் அவர் மகன் படிப்பைப் பற்றிச் சொன்னார்.

அன்றைய கூலியை முழுதாக வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டிருந்தால் அது அவரைக் குனிய வைப்பது ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பழைய பாக்கியை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது இன்றுவரை வரவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன். கோடு போட்ட பிறகும் இரண்டு தடவை அந்த டீக்கடைப் பேச்சு நினைவுக்கு வந்து உள்ளே கொதித்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

அண்ணா, வாசித்து முடித்ததும் என் வீட்டுக்காரரிடமும் காட்டினேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் 1895-இல் லுத்தரன் மிஷன் வேலையைத் தொடங்கிய தியோடர் நெய்தர் என்ற ஜெர்மானியப் போதகர் 1904-இல் பிளேக் வந்து இங்கேயே இறந்துபோனார். ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது அது எனக்கு ஒரு பழைய கதை. கொள்ளைநோய்க் காலத்தில் ஓர் ஊரில் தங்குவது என்றால் என்ன என்று 2021 மே மாதம்தான் புரிந்தது.

எதிர் வீட்டில் நாலு பேருக்கும் கொரோனா. வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அந்தப் பக்கம் நடப்பதையே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நானும்தான். மாடியில் துணி காயப்போடப் போனால்கூட அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். மூன்றாம் நாள் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. கூப்பிடவில்லை, அழவில்லை, சும்மா பார்த்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் இட்லியும் பருப்புச் சாம்பாரும் ஒரு தூக்கில் போட்டு அவர்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போன் செய்தேன். என் கை நடுங்கியது, எங்கள் வீட்டில் சர்க்கரை நோயோடு அப்பா இருந்தார். திரும்பி வந்து குளித்து, உடுத்தின துணியை வெந்நீரில் போட்டேன். அப்புறம் பத்தொன்பது நாள் அப்படியே போயிற்று. முதல் நாலு நாள் பயம் இருந்தது, அதற்குப் பிறகு நாளைக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்கிற யோசனைதான் பெரிதாக இருந்தது. பயத்தை விரட்டிவிட்டு அன்பு செய்யப் போகவில்லை நான், பயத்தோடுதான் போனேன்.

அவர்கள் தேறின பிறகு அந்த அக்கா தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அதில் கேழ்வரகு மாவு நிறைய இருந்தது. “வெறும் பாத்திரம் குடுக்கக்கூடாதில்ல” என்றார். அவர்கள் வீட்டில் மாரியம்மன் படம், எங்கள் வீட்டில் சிலுவை, இன்றைக்கும் அந்தத் தூக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து:

நான் கிறிஸ்தவன் இல்லைங்க, இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். ஆனால் எனக்குக் கிடைத்ததைச் சொல்ல வேண்டும்.

தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு போனபோது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்த லாரி பிரேக் பிடிக்காமல் மோதியது. நான் கிளீனர் சீட்டில் இருந்தேன், கால் மாட்டிக்கொண்டது. நிறைய வண்டி நின்றது, பெரும்பாலானவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஓர் ஆம்னி வேனில் வந்த வயதான புருஷன் பெண்டாட்டி இறங்கி வந்தார்கள். அந்த அம்மா ரோட்டில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, 108 வருகிறவரைக்கும் என் ஊர், என் பிள்ளைகள் பெயர், எந்த வகுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணை மூடவிடாமல் பேச வைக்கத்தான் கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் புடவை முழுக்க ரத்தம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தேடி வந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் கப்பு, சோப்பு, இரண்டு லுங்கி, ஒரு பிளாஸ்க். பெரியாஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத் தெரியும், முதல் நாளே இதற்குத்தான் ஆள் தவிப்போம், என் பெண்டாட்டி பதறி ஓடி வந்ததில் வெறுங்கையோடு வந்திருந்தாள். போகும்போது ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார்கள், சரிங்க என்றேன். அவ்வளவுதான். பெயர்கூட எனக்குத் தெரியாது.

தருமபுரியிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு நன்றி, இங்கே வாசிக்க மட்டும் வருகிறவர் என்று இனிமேல் சொல்லாதீர்கள். கால் இப்போது எப்படி இருக்கிறது?

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வரும் என்ற பயத்தில்தான் நம்மில் பல பேர் நிற்காமல் போகிறோம். அந்தக் கவலை வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றமே இதற்கான வழிமுறைகளை உறுதி செய்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவினவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. சட்டத்திலேயே அப்படி உதவுகிறவருக்கு நல்ல சமாரியன் என்றுதான் பெயர், லூக்கா 10-இல் வருகிற அதே ஆள். தொப்பூர் வழியாகப் போகிற நம் ஆட்கள் தயவுசெய்து நில்லுங்கள்.

அரூர் பக்கத்திலிருந்து:

நான் சொல்லப்போவது எல்லாருக்கும் பிடிக்காது. ஆனால் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

நான் வளர்ந்த சபையில் எங்கள் தெரு ஆட்கள் பின் வரிசையில்தான் உட்காருவோம். யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். கல்யாணச் சாப்பாட்டில் என் அம்மா கடைசிப் பந்திதான். புதிதாக வருகிறவர்கள் எந்தத் தெரு என்று கேட்பார்கள், சொன்னதும் குரல் கொஞ்சம் மாறும். ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து தனித்தனி டம்ளரில் டீ குடித்தோம். அன்பைப் பற்றிய பிரசங்கம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அந்தச் சபை மூப்பர்களில் ஒருவர், நல்ல நிலபுலம் உள்ளவர், ஒரு நாள் நண்பகல் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “தாயி, குடிக்கத் தண்ணி குடு” என்றார். அம்மா அப்படியே நின்றுவிட்டார். கடையில் போய் கலர் வாங்கி வரச் சொல்லி என்னிடம் கொடுக்கக் காசை எடுத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லி, எங்கள் பானையைக் காட்டினார். அம்மா சொம்பை இரண்டு முறை விளக்கிவிட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். தூக்கிக் குடிக்கவில்லை அவர், வாய் வைத்துக் குடித்தார். அடுப்பில் என்ன என்று கேட்டார். களியும் கீரைக் குழம்பும். அதையும் சாப்பிட்டார்.

யோவான் 4-இல் கிணற்றடியில் இயேசு அந்தச் சமாரியப் பெண்ணிடம் முதலில் எதையும் கொடுக்கவில்லை, தண்ணீர் கேட்டார். நமக்குக் கொடுக்கத் தெரியும், வேட்டி சேலை கொடுப்போம், அரிசி கொடுப்போம். கேட்டு வாங்கிச் சாப்பிடத்தான் தெரியாது. அந்தப் பெரியவர் அதற்கப்புறம் கல்யாணங்களில் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார், என் அம்மா பக்கத்தில். எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்தபோது எங்கள் தெரு முழுக்கப் போயிருந்தோம், அங்கே தனி டம்ளர் வைக்க அன்றைக்கு யாருக்கும் துணிவு வரவில்லை.

ஓசூரிலிருந்து:

எல்லாம் நல்ல சாட்சிதான், கர்த்தருக்கு மகிமை. ஆனால் ஒருவர்கூட அவர்களிடம் சுவிசேஷம் சொன்னேன் என்று எழுதவில்லையே? சோறு போடுவதை எல்லாரும் செய்கிறார்கள். ஆத்துமாவைப் பற்றிய பாரம் வேண்டாமா?

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்த அம்மா ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டது பக்கெட்டைக் கட்டிலுக்கடியில் வைத்த பிறகு. நான் வேண்டாம் என்றிருந்தாலும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள், அது எனக்கு அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் சரி என்றேன்.

தருமபுரி அண்ணனுக்கு: கால் பரவாயில்லைங்க, குளிர் நாளில் மட்டும் வலிக்கும்.

எலத்தகிரியிலிருந்து:

இரவில்தான் எனக்கு நேரம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நோயாளிகளைப் பார்க்கப் போவேன். பழம் வாங்கிப் போவேன், கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்வேன். எல்லாரும் தங்கமான பெண் என்பார்கள். அப்போது என் மாமியார் பக்கவாதம் வந்து வீட்டில் படுத்துக் கிடந்தார். அவருக்குத் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுவேன். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார், அவர் வருகிற அன்றைக்கு மட்டும் படுக்கை விரிப்பு மாற்றியிருப்பேன்.

மாமியார் என்னைப் பேசாத பேச்சில்லை. நான் கொண்டு வந்த நகை போதாது என்று என் அப்பாவைத் தெருவில் நிறுத்திப் பேசினவர். அதை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை அண்ணா, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொல்லுவேன்.

பார்க்க வந்த நர்ஸ் ஒருவர் அவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதுகில் கீழே சிவந்துவிட்டது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண்ணாகிவிடும் என்றார். என்னைத் திட்டவில்லை. அவர் போன பிறகு மாமியார் கையைப் பார்த்தேன். இழுத்துக்கொண்ட கை, விரல் மடங்கி மடங்கி, நகம் வளர்ந்து உள்ளங்கையிலேயே குத்திப் பள்ளமாகி இருந்தது. எத்தனை நாள் வலித்ததோ, சொல்ல வாயும் வராது. அடுத்தவர் வீட்டு நோயாளிகள் கையைப் பிடித்து ஜெபம் சொன்ன நான் இந்தக் கையை விரித்துப் பார்க்கவில்லை.

வெந்நீரில் ஊற வைத்து ஒவ்வொரு விரலாக மெதுவாக நிமிர்த்தி நகம் வெட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வலியிலா வேறு எதிலா தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்க முடியாது. இப்போது உள்ளங்கையில் ஒரு துணிச் சுருள் வைத்திருக்கிறேன், தினமும் மாற்றுகிறேன். பழையதெல்லாம் மறந்துவிட்டதா என்றால் இல்லை, முதுகு துடைக்கும்போதுகூடச் சில நாள் ஞாபகம் வரும், துடைத்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டு மணி அலாரம் அடிக்கிறது. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், போகிறேன்.