1979 பட்டம் யார் கணக்கில்: சியாட்டிலா, ஓக்லஹோமாவா?

காலை5.30 கேட்டது:

வணக்கம் மக்களே. நான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்க்க ஆரம்பித்தே மூன்று வருடம்தான் ஆகிறது, தப்பாகக் கேட்டால் திட்டாதீர்கள். ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் ஆட்டம் பிடித்துப்போய் ஓக்லஹோமா சிட்டி தண்டர் பக்கம் ஒட்டிக்கொண்டவன். 2025 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தை திங்கட்கிழமை காலை 5.30-க்கு எழுந்து பார்த்துவிட்டு, இந்தியானா பேஸர்ஸ் தோற்ற சந்தோஷத்தில் குளிக்கக்கூட மறந்து ஆபீசுக்கு ஓடினேன்.

என் குழப்பம் இதுதான். ஒரு இடத்தில் "ஓக்லஹோமாவின் முதல் பட்டம்" என்று போட்டிருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் "அணியின் இரண்டாவது பட்டம், முதலாவது 1979" என்று இருக்கிறது. அணி அந்த ஊருக்கு வந்ததே 2008-ல்தானே? சியாட்டிலிலிருந்து வந்த அணி என்பது வரை தெரியும். ஆனால் அரங்கத்தில் 1979 பேனர் எதுவும் தொங்கவில்லை, அங்குள்ள ரசிகர்களும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஜெயித்த பட்டத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? என்ன நடந்தது?

---

பழைய_பெஞ்சு பதில்:

இரண்டு கணக்கும் சரிதான் தம்பி. காகிதத்தில் இரண்டாவது, அந்த ஊர் மனதில் முதலாவது. விவரமாகச் சொல்கிறேன், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சியாட்டிலுக்கு அணி கிடைத்தது 1967-ல். ஊரே போயிங் கம்பெனியை நம்பி இருந்த காலம் அது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்றை அந்தக் கம்பெனி வடிவமைத்துக்கொண்டிருந்தது, அந்தப் பெருமையில் வைத்த பெயர்தான் சூப்பர்சோனிக்ஸ். 1971-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திவிட்டது, விமானம் பறக்கவே இல்லை, பெயர் மட்டும் அணியோடு நின்றுவிட்டது. முதல் சீசனில் 23 வெற்றி, 59 தோல்வி.

ஆனால் அதே 1971-ல் இந்த அணி கூடைப்பந்தையே மாற்றிய ஒரு வேலை செய்தது. பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாமல் யாரும் என்பிஏவில் ஆடக்கூடாது என்று அப்போது விதி. ஸ்பென்சர் ஹேவுட் என்ற பையனை அந்த விதியை மீறி ஒப்பந்தம் செய்தார் உரிமையாளர் சாம் ஷுல்மன். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஹேவுட் பக்கம் தீர்ப்பானது. இன்று பத்தொன்பது வயதுப் பையன்கள் டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்து கோடிகளை வாங்குகிறார்களே, அதற்கு வாசலைத் திறந்தவர் அவர்தான்.

இப்போது உங்கள் 1979. கதை அதற்கு முந்தைய சீசனிலேயே ஆரம்பிக்கிறது. முதல் 22 ஆட்டங்களில் 17 தோல்வி, கோச்சை மாற்றிவிட்டு, முன்பு அதே அணியில் ஆடிய லென்னி வில்கென்ஸைக் கொண்டுவந்தார்கள். மீதி 60-ல் 42 வெற்றி! அப்படியே ஃபைனல்ஸ் வரை போய்விட்டார்கள். வாஷிங்டன் புல்லட்ஸோடு ஏழாவது ஆட்டம், சொந்த மண், அன்று டென்னிஸ் ஜான்சன் 14 முறை எறிந்தும் ஒன்றுகூட உள்ளே விழவில்லை. தோல்வி. அடுத்த வருடம் அதே புல்லட்ஸ், அதே ஃபைனல்ஸ், 4-1 என்று முடித்தார்கள், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா, அதே டென்னிஸ் ஜான்சன். கஸ் வில்லியம்ஸ், ஜாக் சிக்மா, ஃப்ரெட் பிரவுன் எல்லாம் அந்த அணிதான். சூப்பர் ஸ்டார் என்று ஒருவரை மட்டும் காட்ட முடியாத அணி, எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

தொண்ணூறுகளில் கேரி பேட்டன், ஷான் கெம்ப். 1994-ல் 63 ஆட்டங்கள் ஜெயித்து முதலிடத்தில் வந்தவர்கள், எட்டாமிடத்து டென்வரிடம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார்கள். டிகெம்பே முட்டொம்போ பந்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி தரையில் மல்லாந்து கிடந்து சிரிக்கும் படம் பார்த்திருப்பீர்களே, அது அன்றைக்கு எடுத்ததுதான். 1996-ல் 64 வெற்றி, ஃபைனல்ஸ், ஆனால் எதிரே நின்றது 72 ஆட்டங்கள் ஜெயித்த ஜோர்டனின் சிகாகோ. 0-3 என்று இருந்து இரண்டு ஆட்டங்களை மீட்டு 2-4-ல் முடிந்தது. அதற்கப்புறம் சியாட்டிலில் இருந்தவரை அந்த அணி ஃபைனல்ஸ் பக்கமே போகவில்லை.

2001-ல் ஸ்டார்பக்ஸ் காபி கம்பெனியின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு 20 கோடி டாலருக்கு வாங்கியது. அரங்கம் சின்னது, வருமானம் போதவில்லை, அரசு பணம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். அரசு மறுத்தது. 2006-ல் ஓக்லஹோமா முதலாளி கிளே பென்னெட்டின் குழுவுக்கு 35 கோடிக்குக் கைமாறியது. புயலால் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் ஓக்லஹோமாவில் தங்கி ஆடி, அந்த ஊரில் கூட்டம் அள்ளுவதை எல்லாரும் பார்த்திருந்த நேரம். சியாட்டிலிலேயே வைத்திருக்க முயற்சி செய்வோம் என்று பென்னெட் சொன்னார், பக்கத்து ரென்டனில் 50 கோடி டாலர் அரங்கம் கேட்டார், கிடைக்கவில்லை. 2007-ல் அவருடைய கூட்டாளி ஆப்ரி மெக்லெண்டன் ஒரு பேட்டியில், அணியை அங்கேயே வைத்திருக்க நாங்கள் வாங்கவில்லை என்ற அர்த்தத்தில் உளறிவிட்டார். லீக் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. பொய் சொன்னதற்கு அல்ல பாருங்கள், உண்மையைச் சொன்னதற்கு!

---

தூறல்_நின்றபாடில்லை பதில்:

பெஞ்சு அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் வேலைக்காக சியாட்டிலுக்குப் பக்கத்து பெல்வியூ வந்து ஒன்பது வருடம், அதாவது அணி போனபின் வந்தவன். ஆனால் இல்லாத அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இத்தனை பேர் காய்கறிக் கடைக்கு வருவதை இங்கேதான் பார்க்கிறேன். பச்சையும் மஞ்சளும். என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1979 தொப்பி ஒன்று இருக்கிறது, வெயில் அடிக்கும் நாளில் மட்டும் வெளியே எடுப்பார், இந்த ஊரில் அப்படியென்றால் எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது, 1986 ஜனவரி 5, ஃபீனிக்ஸ் சன்ஸோடு ஆட்டம். சியாட்டில் அணியின் அரங்கமான கொலீசியத்தின் கூரை ஒழுகித் தண்ணீர் நேராக ஆடுகளத்தில் சொட்டியிருக்கிறது. துண்டை வைத்துத் துடைக்கத் துடைக்க ஈரம், ஆட்டக்காரர்கள் வழுக்குகிறார்கள், இரண்டாம் கால் பகுதியில் நடுவர் நிறுத்திவிட்டார். மீதி ஆட்டம் மறுநாள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் உள்ளரங்க விளையாட்டில் மழையால் ஆட்டம் நின்றது என்றால் இந்த ஊரால்தான் முடியும்.

பட்டம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை 2008 ஜூலை 2-ல் இருக்கிறது. அரங்கக் குத்தகை 2010 வரை இருந்ததால், அதற்கு முன் போகக்கூடாது என்று மாநகரம் வழக்குப் போட்டது. நீதிபதி தீர்ப்பு சொல்ல வேண்டிய அன்றே, சில மணி நேரம் முன்னால் சமரசம். நகரத்துக்கு 4.5 கோடி டாலர். பெயர், சின்னம், நிறம் மூன்றையும் ஓக்லஹோமா தொடக்கூடாது, பின்னால் சியாட்டிலுக்கு அணி வந்தால் அதற்குத்தான். வரலாறு மட்டும் "பகிர்வு": ஓக்லஹோமாவிடமும் இருக்கும், வரப்போகும் சியாட்டில் அணிக்கும் உண்டு. கோப்பையும் பேனர்களும் இங்குள்ள மோஹாய் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்குப் போயின. அங்கே பேனர் தொங்காத காரணம் இதுதான், பேனரே அவர்களிடம் இல்லை.

இதில் எனக்கு இன்றும் வயிறு எரிவது ஒன்றுதான். போவதற்கு முந்தைய வருடம் டிராஃப்டில் கிடைத்தவர், பின்னால் பெரிய நட்சத்திரமான கெவின் டுரான்ட். ஒரே ஒரு சீசன். 2008 ஏப்ரல் 13, டல்லாஸோடு கடைசி ஆட்டம், அந்த சீசனில் மொத்தமே 20 வெற்றிதான், ஆனால் அன்று 99-95 என்று ஜெயித்தார்கள். அரங்கமே அணியைக் காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறது, பத்தொன்பது வயதுப் பையன் கையை ஆட்டி இன்னும் கத்துங்கள் என்கிறான். தாத்தா வீட்டை விற்றபின் முற்றத்துத் தென்னை காய்த்த மாதிரி.

---

இடி_மின்னல் பதில்:

எல்லாரும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டீர்கள், ஓக்லஹோமா சார்பில் நான் ஒருவனாவது பேசவேண்டும்.

லேக்கர்ஸ் 17 பட்டம் என்று மார்தட்டுகிறதே, அதில் ஐந்து மினியாபொலிஸில் வாங்கியது. ஏரிகள் நிறைந்த ஊரில் வைத்த பெயரை லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அந்த ஐந்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். யாராவது கேட்டோமா? நியூ ஆர்லியன்ஸிலிருந்து போன அணிக்கு யூட்டா ஜாஸ் என்றே பெயர், ஜாஸ் இசைக்கும் யூட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டோமா? தண்டர் மட்டும் என்ன பாவம் செய்தது, அதிலும் அவர்கள் 1979-ஐக் கொண்டாடவே இல்லை, நாகரிகமாக ஒதுங்கித்தான் நிற்கிறார்கள்.

இன்னொன்று, சியாட்டில் தானே கதவைச் சாத்தியது. விளையாட்டு அரங்கத்துக்கு நகரம் சும்மா பணம் கொடுக்கக்கூடாது என்று 2006 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து பெரும்பான்மையோடு ஜெயிக்கவைத்தவர்கள் அந்த ஊர் மக்கள்தான்.

---

தூறல்_நின்றபாடில்லை:

சரி, அந்த வாக்கெடுப்பை நானும் தப்பு என்று சொல்லவில்லை. கோடீஸ்வரர்களுக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு? அப்புறம் 2013-ல் சாக்ரமென்டோ கிங்ஸை இங்கே கொண்டுவர முயற்சி நடந்தபோது 22-8 என்று மற்ற உரிமையாளர்கள் தடுத்தார்கள். அடுத்தவன் அணியைப் பிடுங்காமல் தப்பித்தோம் என்று சொன்னவர்களும் இங்கே உண்டு. பழைய கூரையை அப்படியே தாங்கி நிறுத்திவிட்டு அடியில் தோண்டிக் கட்டிய புது அரங்கம் 2021-லிருந்து நிற்கிறது, பெரும்பாலும் தனியார் பணம். ஒழுகவில்லை.

---

பழைய_பெஞ்சு:

இடி தம்பி, லேக்கர்ஸ் பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது, அதனால் கணக்கு ஒட்டிக்கொண்டது. சார்லட் கதை வேறு மாதிரி. 2002-ல் ஹார்னெட்ஸ் அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் போனது, 2014-ல் பெயரும் 1988 முதல் 2002 வரையான வரலாறும் சார்லட்டில் பின்னால் வந்த புது அணிக்கே திரும்பி வந்துவிட்டன. ஆக வரலாறு என்பது பெயர்ப்பலகையோடு போகிற சாமான் என்று லீக்கே ஒத்துக்கொண்ட மாதிரிதான். சியாட்டிலுக்கு அணி வந்தால் இதேதான் நடக்கும் என்று நினைக்கிறேன். விரிவாக்கப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த ஊர்ப் பெயர்தான் முதலில் அடிபடுகிறது.

---

காலை5.30:

அருமை, நன்றி எல்லாருக்கும். ஒரே ஒரு சந்தேகம். கேரி பேட்டனின் 20-ஆம் எண் ஜெர்சியை மரியாதையாக எந்த ஊர் அரங்கத்திலும் மாட்டவில்லையே, அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் அல்லவா?

---

தூறல்_நின்றபாடில்லை:

மாட்ட இங்கே அணி இல்லை, அங்கே மாட்டினால் இவர்கள் விடமாட்டார்கள். ஆனால் நிக் காலிசனின் 4-ஆம் எண்ணை ஓக்லஹோமா 2019-ல் மாட்டியது. அவரை டிராஃப்டில் எடுத்தது யார் என்று பாருங்கள்: 2003, சியாட்டில்.