"எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்": செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு இதை எப்படிச் செய்கிறீர்கள்?

செங்காங் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் இருக்கிறேன், எனக்கு வயது 43. அலுவலகத்தில் கணக்கு வேலை, இரண்டு பிள்ளைகள், கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். மாமியாருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களோடுதான் இருக்கிறார்.

காலை 4:50க்கு அலாரம் அடிக்கும். நான் எழுந்து வரும்போது அத்தை கைப்பையை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நிற்பார். எல்லா நாளும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான், ஆராதனைக்குக் கிளம்பிவிடுவார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்து, சமையல், பிள்ளைகள், எல்ஆர்டி ரயில், வேலை. பகலில் கணவரோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் நான்தான்.

அந்த நேரத்தில் அத்தை ஒரே கேள்வியைக் கேட்பார். "சாப்பிட்டியாம்மா?" பதில் சொன்னால் தலையாட்டுவார். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி, "சாப்பிட்டியாம்மா?" போன செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் 23 தடவை. இருபத்து மூன்றாவது தடவை கத்திவிட்டேன். அத்தை பயந்துபோய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சின்ன மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வீட்டு ஜெபக்குழுவில் பிலிப்பியர் 4:4, மேலே சொன்ன வசனம்தான். ஒரு சகோதரி சொன்னார், விசுவாசியின் முகத்தைப் பார்த்தாலே சந்தோஷம் தெரிய வேண்டும், அதுதான் சாட்சி என்று. நானும் சிரித்துத் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு பொய் என்று மனது குத்தியது. சந்தோஷத்தை நாம்தான் தேர்ந்துகொள்ள வேண்டும், நாள்தோறும் பழக வேண்டும் என்கிறார்கள். வசனத்தின் அர்த்தம் ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். எனக்கு வேண்டியது வேறு. நீங்கள் கையால், வாயால், உடம்பால் என்ன செய்கிறீர்கள்? தயவுசெய்து அதை மட்டும் சொல்லுங்கள்.

யீஷூன் பஸ் ஓட்டுநர் எழுதியது:

தங்கச்சி, நான் 26 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். நான் செய்ததைச் சொல்கிறேன்.

காலையில் முதல் பஸ்ஸை எடுக்கும்போது இருட்டாக இருக்கும். நம்ம ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில்தானே வருகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள், இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்" என்று சத்தமாகச் சொல்வேன். காலியான பஸ், யாருக்கும் தொந்தரவு இல்லை. மனதுக்குள் சொன்னால் எனக்கு அது நிற்காது. காது கேட்க வேண்டும்.

அப்புறம் தூங்குமூஞ்சி மரங்கள். சாலையோரம் குடை மாதிரி விரிந்து நிற்குமே, அதுதான். மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி என்று அர்த்தம். சாயங்காலம் அந்த நேரத்தில் இலையை மடக்கத் தொடங்கும். மழை இருட்டினாலும் மடக்கிக்கொள்ளும். என் முதல் நடையில் எல்லா இலையும் கைகூப்பின மாதிரி மூடியிருக்கும். இரண்டாவது நடையில் அதே சாலையில் வந்தால் திறந்திருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை, அரசாங்கமும் ஒன்றும் செய்யவில்லை, திறந்திருக்கும். அதைப் பார்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்வேன். என் பழக்கம் இவ்வளவுதான்.

2019இல் என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பின முதல் நாள் வாயைத் திறந்தேன், வசனம் வரவில்லை. அழுகைதான் வந்தது. முதல் ஸ்டாப்பில் ஏறின சீனப் பாட்டி டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மாசம் அப்படியே. அதற்காக ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை. அந்த வசனத்தை எழுதின பவுலே அதே பிலிப்பியர் நிருபத்தில், தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து மரிக்கும் நிலையில் கிடந்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" என்று எழுதுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் அது, நான்காம் அதிகாரத்தில் சந்தோஷமாயிருங்கள். இரண்டும் ஒரே ஆள், ஒரே கடிதம், கையில் விலங்கோடு. "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்றுதான் சொல்கிறார். பிறக்கும்போதே தெரிந்திருந்தால் கற்றுக்கொள்ள வேண்டியதில்லையே.

அங் மோ கியோ அக்கா எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அம்மாவை ஒன்பது வருடம் இதே நோயோடு பார்த்துக்கொண்டேன். உங்களுக்கு இப்போது குறைவது சந்தோஷம் இல்லை சகோதரி, தூக்கம்.

1 இராஜாக்கள் 19 எடுத்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்கவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்று தட்டி எழுப்புகிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். ஆண்டவர் பேசுவது அதற்கெல்லாம் பிறகுதான்.

அதனால் என் பதில் இதுதான். முதியோர் பராமரிப்புச் சேவைகளை ஏற்பாடு செய்யும் ஏஐசி அமைப்பை இந்த வாரமே கேளுங்கள். டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன, உதவித்தொகையும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் உங்கள் உடம்பையும் காட்டுங்கள். தினமும் அழுகை வந்தால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். உதவி கேட்பது விசுவாசக் குறைவு என்று நான் ஆறு வருடம் நம்பி இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் அம்மாவிடம் நான் பேசிய கடுஞ்சொற்கள் இன்றைக்கும் என்னை அழ வைக்கின்றன.

ஜெபக்குழுவிலும் உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கத்திவிட்டேன், எனக்காக ஜெபியுங்கள், முடிந்தால் வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் அத்தையோடு வந்து உட்காருங்கள் என்று கேளுங்கள்.

துவாஸ் தம்பி எழுதியது:

அக்கா, நான் திருச்சிப் பக்கம், இங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங். கத்தோலிக்கன். லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவேன். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பிய கோயில் அது. அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் மூன்றாம் வாரம் ஊதா மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். மகிழ்ச்சி ஞாயிறு. அதற்கு அந்தப் பெயர் வந்ததே நீங்கள் கேட்ட வசனத்திலிருந்துதான். எங்கள் மொழிபெயர்ப்பில் "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்று இருக்கும். கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை, காத்திருப்பு முடியவில்லை, அதற்கு நடுவிலேயே அந்த ஞாயிற்றை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சந்தோஷத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றால் எனக்குப் பாரமாக இருக்கிறது அக்கா. 2021இல் அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். அன்றைக்கு நான் எதையும் தேர்ந்துகொள்ளும் நிலையில் இல்லை. ஒரே அறையில் 12 பேர். கீழ்ப் படுக்கை வங்கதேசத்து அண்ணன், எனக்கு அவர் மொழி தெரியாது, பருப்பும் சோறும் குழைய ஆக்கி, தட்டில் போட்டு, நான் சாப்பிடும் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கிடைத்தது சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆண்டவர் பக்கத்தில் இருந்தார். நான் செய்தது வாயைத் திறந்து சாப்பிட்டது மட்டும்தான்.

செங்காங் மருமகள் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, தம்பி, உங்கள் இரண்டு பதிலையும் அடுத்தடுத்துப் படித்தபோது கையில் போனைப் பிடிக்க முடியவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு." எங்கள் வீட்டில் அதையே ஒருத்தர் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தைக்கு மகன் பெயர் சில நாள் வருவதில்லை. பேத்திகளைத் தன் தங்கைகள் என்று நினைக்கிறார். இந்த வீடு யாருடையது என்று தெரியவில்லை. எல்லாம் போன பிறகும், எதிரில் நிற்கிற பெண் சாப்பிட்டாளா என்ற கவலை மட்டும் போகவில்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் நாளும் அதைத்தான் கேட்டார்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஏழேகாலுக்கு அத்தை கேட்டார். வழக்கமாக "ஆச்சு அத்தை" என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். நேற்று அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "இல்ல அத்தை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டதுதான்." அத்தை எழுந்தார். அலமாரியில் தட்டைத் தேடி எடுத்தார். தன் தட்டிலிருந்த இடியாப்பத்தில் பாதியைக் கையால் பிய்த்து அதில் வைத்து, விரலில் ஒட்டின தேங்காய்ப்பூவையும் வழித்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார். "உக்காரு." உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு முன் சத்தமாக ஜெபித்தேன், அத்தை ஆமென் சொன்னார்.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். "சாப்பிட்டேன் அத்தை, நீங்கதான் போட்டீங்க" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன், அது பொய் இல்லை. பத்துத் தடவைக்கு மேல் போனபோது எரிச்சல் வந்தது. பால்கனியில் துணி எடுக்கப் போய் நின்றுவிட்டு வந்தேன். கத்தவில்லை.

ஏஐசியில் பேசிவிட்டேன், அடுத்த வாரம் ஒரு நிலையத்தைப் போய்ப் பார்க்கிறோம். ஜெபக்குழுவில் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் கூட்டம்.

அண்ணா, எங்கள் புளோக் எதிரில் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு பெரிய மரம் இருக்கிறது, குடை மாதிரிதான். காலையில் அத்தை கைப்பையோடு கேட்டில் நிற்கும்போது அங்கிருந்தே தெரியும். நாளைக்கு இருட்டோடு அவரையும் கூட்டிப்போய் இலை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.