கோவில் பின்னால் கொட்டகை: நடுவில் சுவர் வேண்டுமா?

தாமான்வாசி, சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தாமான் (மலேசியாவில் குடியிருப்புப் பகுதியை இப்படித்தான் சொல்வோம்) மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் 40-க்கு 60 அடியில் காலி இடம் இருக்கிறது. அதில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கொட்டகை போட ஊரில் பணம் திரட்டியிருக்கிறோம். செயலவை போட்ட திட்டம் இது: பெரியவர்களுக்கு டிவி அறை, இளைஞர்களுக்கு உடற்பயிற்சி அறை, நடுவில் சுவர், வெளியே சறுக்குமரம். பிள்ளைகள் சத்தம் போட்டால் பெரியவர்களுக்குத் தொந்தரவாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அம்மாவுக்கு 78 வயது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், நாங்கள் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, உடைத்தார்கள், தாமானுக்கு வந்தோம். வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பசியாறிவிட்டு முன்வாசலில் நாற்காலி போட்டால், மத்தியானம் வரை இரும்புக் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது என்பதுவரை தெரிந்தவர். இன்று எதிர்வீட்டுப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது.

போன திருவிழாவுக்கு முதல்நாள் இரவு தோரணம் கட்ட ஆள் போதவில்லை. இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படிக்கிற பையன் ஒருவன் குருத்தோலையை வைத்துக்கொண்டு முழித்தான். அம்மா அதை வாங்கி, ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, அவன் விரலைப் பிடித்தே மடிக்க வைத்தார். முதல் ஓலை கிழிந்தது. மூன்றாவதில் கிளி வந்துவிட்டது. அவன் கைப்பேசி பக்கத்தில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவே இல்லை. பதினொரு மணிக்கு நான் கூப்பிட்டும் அம்மா கிளம்பவில்லை.

திருவிழா இல்லாத நாளிலும் அப்படி நடக்க அந்த இடத்தை எப்படிக் கட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ வரைபடக்காரன்

அண்ணே, சுவரை விடுங்கள். அந்தக் காசில் கூரையை நாலு பக்கமும் நன்றாக வெளியே இழுத்துவிடுங்கள். சாயங்கால மழைக்குச் சாரல் உள்ளே அடித்தால் யாரும் உட்கார மாட்டார்கள்.

சிங்கப்பூர் போனால் கம்போங் அட்மிரல்ட்டியைப் பாருங்கள். முதியவர்களுக்கு 104 வீடுகள். கீழே யாரும் நுழையக்கூடிய திறந்த முற்றம், அதன் மேல் சாப்பாட்டுக் கடைகள், மருத்துவ நிலையம். குழந்தைகள் காப்பகமும் முதியோர் மையமும் பக்கத்தில் பக்கத்தில். 2018-ல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குத்தான். அவ்வளவு பணத்துக்கு நாம் எங்கே போவது? ஆனால் அதன் சூட்சுமம் நமக்கும் ஆகும். சாப்பிட, பிள்ளையைக் கூட்டிப்போக, மருந்து வாங்க என்று ஏதோ ஒரு வேலையாக வருகிறவர்கள் ஒருவரையொருவர் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. வேலை இல்லாத இடத்துக்கு யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை.

பெஞ்சு 45 செ.மீ. உயரம், சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி இல்லாவிட்டால் முட்டிவலிக்காரர் எழுந்திருக்க முடியாது. சுவரோரம் வரிசையாகப் போடாதீர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் ஆகிவிடும். இரண்டு பெஞ்சை மூலையில் சேர்த்துப் போட்டால் முகம் பார்த்துப் பேசலாம். படிக்குப் பதில் சாய்வுப் பாதை, 1 அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளம். அப்புறம் கழிவறை. உட்காரும் வகை, பிடிகம்பியோடு, கிட்டத்திலேயே. அது இல்லை என்றால் உங்கள் அம்மா அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

ஆயா மகள்

என் அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். விடியாத நேரத்தில், பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் வழியில் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். வரிசையாக ஏணை கட்டியிருக்கும். மரம் வெட்ட முடியாத வயசில் இருந்த பாட்டிகள் வந்து உட்கார்ந்து ஆட்டிவிடுவார்கள். பள்ளி விட்டதும் அக்கா அண்ணன்கள் அங்கேதான் வருவார்கள், தம்பி தங்கையைத் தூக்க. அந்தத் தலைமுறைகளைச் சேர்த்து வைத்தது தேவைதான், யாரும் திட்டம் போடவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தம்பி. அந்தப் பாட்டிகளை யாரும் கேட்கவில்லை. "சும்மாதானே இருக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கட்டும்" என்று புதுக் கொட்டகையிலும் கொண்டுபோய்த் தள்ளிவிடாதீர்கள். என்ன செய்யப் பிடிக்கும் என்று அம்மாவிடமே கேளுங்கள். ஓலை பின்னவா, பலகாரம் சுடவா, இல்லை சும்மா உட்காரவா. சும்மா உட்காரவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

படிவம் ஐந்து

ஐயா, எங்களை யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் தாமான் திடலில் பந்து உதைத்தால் திட்டு, மோட்டாரில் உட்கார்ந்து பேசினால் திட்டு. மூலையில் ஓர் அறை கொடுத்தால் அங்கேயே அடைந்துகிடப்போம், அவ்வளவுதான். நல்ல விளக்கு, கைப்பேசிக்கு மின்சாரம் எடுக்கும் இடம், பெரிய மேசை, ஒரு கேரம் பலகை போதும். என் தாத்தா கேரமில் சிவப்புக் காயை விடவே மாட்டார். அவரோடு ஆட என் நண்பர்கள் வீட்டுக்கே வருகிறார்கள்.

தாமான்வாசி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி நேற்று அம்மாவிடம் கேட்டேன். டிவி வேண்டவே வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பு போடுவீங்களா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பூசைக்குக் கடலை அவிக்க ஆள் இல்லாமல் கோவிலில் கடையில் வாங்குகிறார்களே, அது அவருக்குப் பொறுக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை செயலவைக் கூட்டம். சுவரை நீக்கிவிட்டு, நடுவில் நீள மேசை, ஓரத்தில் திறந்த அடுப்படி, விளக்குக்குக் கீழே கேரம் என்று வரைந்து எடுத்துப் போகிறேன். டியூஷன் வகுப்பையும் அந்த மேசைக்கே மாற்றலாமா என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். ஈப்போ தம்பி, கழிவறைக்கு எவ்வளவு வெள்ளி செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுத் தருவீர்களா? கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.