ஜெர்மனியில் மூத்த மிஷனெரி தம்பதியாக ஓராண்டு: ஊர்களைப் பார்ப்பதும் ஐக்கியமும்

கேள்வி

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் லைப்சிக் நகரத்துச் சபையொன்றில் அயல்நாட்டு மாணவர்களிடையே ஓராண்டு ஊழியம் செய்யப் புறப்படுகிறோம். ஓய்வு நாட்களில் விட்டன்பெர்க், ஹாலே, ஹெர்ன்ஹூட் ஆகிய ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறோம். ஆனால் காணிக்கையால் அனுப்பப்படுகிறவர்கள் ஊர் சுற்றுவது தகுமா என்று மனம் உறுத்துகிறது. மனைவிக்கு மூட்டுவலி இருப்பதால் அதிகம் நடக்க இயலாது. எந்த ஊருக்கு முதலிடம் தரலாம் என்றும், அங்குள்ள விசுவாசிகளோடு ஐக்கியம் வளர என்ன வழி என்றும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாயிருப்போம்.

பதில் 1

ஐயா, காணிக்கைக்கு ஒரு கணக்கும் உங்கள் ஓய்வூதியத்துக்கு வேறொரு கணக்குமாக வைத்து, பயணச் செலவை இரண்டாவதிலிருந்தே எடுங்கள். உறுத்தல் பெருமளவு நீங்கிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முதலிடம் ஹெர்ன்ஹூட்டுக்கே. 1722இல் மொராவியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வந்த அகதிகள் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அமைத்த சிற்றூர் அது. பத்தே ஆண்டுகளில், 1732இல், அங்கிருந்து முதல் மிஷனெரிகள் கரீபியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். லோபாவ் வரை ரயிலிலும் பிறகு பேருந்திலும் செல்லலாம். 'கடவுளின் வயல்' எனப்படும் கல்லறைத் தோட்டத்தில், லிண்டன் மரங்களுக்கு நடுவே, தரையோடு தரையாகப் பதித்த எளிய கற்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. சகோதரர்கள் ஒரு பக்கமும் சகோதரிகள் மறுபக்கமுமாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். என் மனைவி குனிந்து, பாசி படிந்த ஒரு பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈஸ்டர் விடியலில் ஊதுகுழல் இசையோடு சபையார் அங்கே கூடுவார்கள். முந்தின இரவே போய்த் தங்குங்கள்.

பதில் 2

ஹாலேயை விட்டுவிடாதீர்கள். லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1698இல் போதகர் பிராங்கே தொடங்கிய அனாதை இல்ல வளாகம் அங்கே இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கின் பணி இந்த வளாகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்ப் பனையோலைச் சுவடிகள் இன்றும் அதன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் எழுத்தை அவ்வளவு தொலைவில் காண்பது நெஞ்சைத் தொடும் அனுபவம். அரும்பொருள் அறை மேல்தளத்தில் இருப்பதால், அம்மாவுக்காக மின்தூக்கி வசதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டன்பெர்க் கோட்டைத் தேவாலயத்தில் இப்போது இருப்பவை 1858இல் பொருத்தப்பட்ட வெண்கலக் கதவுகள். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் கருத்துரைகளை அறைந்ததாகச் சொல்லப்படும் பழைய மரக்கதவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். லூத்தரின் கல்லறை உள்ளேயே இருக்கிறது.

பதில் 3

இருவரும் தனியே போகாமல் மாணவர் இரண்டு மூன்று பேரையும் அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைகள் ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தால் வீட்டுக் கவலைகளைச் சொல்லத் தொடங்குவார்கள். வட்டார ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் டாய்ச்லான்ட் டிக்கெட் என்னும் மாதச் சீட்டு செல்லும். ஐசிஇ விரைவு ரயிலில் செல்லாது. ஆராதனை முடிந்தவுடன் கிளம்பிவிடாமல் காப்பிக்கு நின்று, கோப்பைகளைக் கழுவ உதவுங்கள். மொழி தடுமாறினாலும் அந்த வேலைதான் எங்களை அவர்களோடு சேர்த்தது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. முதலில் மாணவர்களோடு ஹாலேக்குப் போகிறோம். ஈஸ்டருக்கு ஹெர்ன்ஹூட்டில் இரண்டு இரவுகள் தங்க இடம் கேட்டு இன்றே எழுதுகிறேன்.