புதுப்பிப்பு: அப்பாவின் இரண்டாவது பெருந்தமனி அறுவை முடிந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: பதினோரு வருடம் முன்பு பெருந்தமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) மேலேறும் பகுதியில் செயற்கைக் குழாய் வைத்த அப்பாவுக்கு, இப்போது பெருந்தமனியின் அடிப்பகுதி வீங்கிவிட்டது, மறுபடி நெஞ்சைத் திறக்கலாமா என்று. திறந்தாயிற்று. அப்பா வீட்டில் இருக்கிறார். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நாங்கள் பயந்தது அந்த அடிப்பகுதியில் இருக்கும் இதய வால்வை நினைத்து. டாக்டர் பயந்ததோ நெஞ்செலும்பை அறுக்கும் முதல் சில நிமிடங்களை. பழைய தழும்பில் தமனி எலும்போடு ஒட்டியிருந்தால் ரம்பம் படும்போதே கிழியலாமாம். அதனால் சிடி ஸ்கேனில் இடைவெளியை அளந்து, தோளுக்குக் கீழுள்ள தமனி வழியாக ஹார்ட்-லங் மெஷினை (அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் கருவி) இணைத்த பிறகுதான் எலும்பைத் தொட்டார்கள். செய்தது பென்டால் முறை, 1968இல் வந்தது: வால்வு பொருத்திய குழாயை வைத்து, இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்களை அதில் மறுபடி தைப்பது.

"ரிஸ்க் எத்தனை சதவீதம்?" என்று நச்சரித்தேன். தப்பான கேள்வி. திட்டமிட்ட அறுவையா, அவசரமா, பழைய குழாயில் கிருமித்தொற்று உண்டா, சிறுநீரகம் எப்படி, இதையெல்லாம் பொறுத்து அந்த எண் அடியோடு மாறும். தொற்று இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

ரத்தக் கசிவால் அன்றிரவே இன்னொரு முறை திறந்தார்கள். அதை எழுத இன்னும் மனசு வரவில்லை.

மெக்கானிக்கல் வால்வு என்பதால் ஆயுளுக்கும் ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைக்கச் சொன்னால் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார்.